டேப் ஒட்டிய வாசல்

மகளைப் பார்க்கக் கிளம்பும்போது அக்கா தன் தம்பியிடம் விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. மொட்டைமாடியில் இருக்கும் தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில், தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். அதையும் வாசல்வரை வந்து திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பியின் லட்சணம் அப்படி. போன தடவை அவனை நம்பி விட்ட மீன்தொட்டியில், அவள் வந்து பார்த்தபோது தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"கூட்டிப் பெருக்க, பிள்ளை வளர்க்க, காவல் நிக்க, எல்லாத்துக்கும் பெட்டிக்குள்ள ஆள் இருக்கு. எல்லாம் பொம்பளைங்க. நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம்," என்றாள். "உன்னை மாதிரி தின்னுட்டுத் திரியற ஆண் ஈயும் கொஞ்சம் கிடக்கு."

தம்பி சிரித்து வைத்தான். உள்ளுக்குள் சுருக்கென்றது. எலக்ட்ரீஷியன் வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் அக்கா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இந்தத் தடவை அதை வாங்கியே தீருவது என்றிருந்தான்.

மதியம் தண்ணீர் ஊற்றப் போனவன் படியிலேயே நின்றுவிட்டான். பெட்டி வாசலுக்கு முன்னால் தேனீக்கள் திமுதிமுவென்று கூடி, மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருந்தன. போச்சுடா, கூண்டோடு கிளம்புகிறார்கள்! அக்காவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தான். எடுத்ததும் "அதானே பார்த்தேன்" என்பாள். போனைத் திரும்பப் பையில் போட்டான். அட பாவி, அந்த ஒரு போனைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா!

கொஞ்ச நேரத்தில் கூட்டம் தானாகவே உள்ளே போய்விட்டது. மறுபடி ஓடினால்? ஒயர் சுற்றும் டேப்பை எடுத்து வாசலை அடைத்தான். மூடியின் விளிம்பு, பலகை இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. கன்னத்தில் கொட்டு விழுந்தும் கையை எடுக்கவில்லை. வெயில் பெட்டியின் மேல் கொளுத்தியது. உள்ளே இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. கோபம், தணிந்துவிடும் என்று இறங்கி வந்தான்.

சாயங்காலம் அக்கா வந்ததும், "ஓடப் பார்த்ததுங்க. ஒண்ணையும் விடலக்கா, உள்ளயே வச்சுப் பூட்டிட்டேன்," என்றான் வீங்கிய முகம் மலர.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்தாள். தேனடைகள் இளகிச் சரிந்து கிடந்தன. வாசலை ஒட்டி, வடிந்த தேனில் நனைந்து, செத்த ஈக்கள் குவியலாகக் கிடந்தன.

"அதுங்க ஓடலடா. சின்னதுங்க. நாளைக்கு வெளிய வேலைக்குப் போனா வீடு திரும்பணும்ல? அதுக்கு வாசலைப் பார்த்துப் பறந்து பழகுதுங்க." அவள் செத்த ஈ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "காத்து இல்லாம, சூட்டைத் தணிக்க விசிறி விசிறியே செத்திருக்குங்க."

"திட்டுக்கா. நாலு அறை வேணாலும் விடு."

டேப் ஒட்டுவதற்கு முன்பே பூவுக்குப் போய், திரும்பி வந்து, உள்ளே போக முடியாமல் டேப்பின் மேல் மொய்த்துக் கிடந்த ஈக்கள், காலில் மகரந்தத்தோடு இப்போது உள்ளே நுழைந்தன. சற்றைக்கெல்லாம் ஒன்று, செத்ததொன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மறுபடி உள்ளே போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அக்கா அவன் தோளில் கை வைத்தாள்.

"நீ நல்லதுக்குத்தான்டா பண்ணின," என்றாள்.

தம்பி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.