நின்றால் நடுங்கும் கார்

மெக்கானிக்கின் மகள் இறந்த பிறகு, மாப்பிள்ளை அவர் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஓட்டிய பழைய காரில், பேத்தியோடு வந்து இறங்கினார்.

“ஓடும்போது ஒழுங்கா ஓடுது மாமா. சிக்னல்ல நின்னா குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுது. சில நேரம் அணைஞ்சே போயிடுது.”

மெக்கானிக் பேத்தியை வாரித் தூக்கி, “என்னடி ராசாத்தி, இளைச்சுட்டே!” என்று கொஞ்சிவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார். இஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது.

“காத்து ஜாஸ்தி, பெட்ரோல் பத்தலை.”

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகைத் திருப்பி பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தார். உதறல் அடங்கவில்லை.

“எங்கேயோ திருட்டுக் காத்து நுழையுது.”

இஞ்சினை ஓடவிட்டு, குழாய்களின் மேல் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். இஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் காற்றுக்குழாயின் வளைவில் பட்டதும் உதறல் சட்டென்று நின்றது. கிளீனர் காய்ந்ததும் மறுபடி தொடங்கியது.

“சிக்கிட்டான் திருடன்!” என்றார். பேத்தி கைதட்டினாள்.

குழாயின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. புதுக் குழாயை மாட்டும்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“வண்டியை விக்கறேன் மாமா. எனக்கு... கல்யாணம் முடிவாயிருக்கு. அவங்களுக்கு வெளிநாட்டுல வேலை. நாங்களும் அங்கேயே போறோம்.”

“நல்லது மாப்பிள்ளை. எத்தனை நாள்தான் தனிமரமா நிப்பீங்க?” குழாயை இறுக்கிய கை நிற்கவில்லை. “பாப்பா?”

“கூட்டிட்டுத்தான் போறேன். அவங்களை அம்மான்னு கூப்பிடப் பழகணும். அதனால கொஞ்ச காலத்துக்கு இங்கேருந்து போன் கீன், பார்க்க வர்றது எதுவும் வேண்டாமேன்னு பார்க்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க மாமா.”

மெக்கானிக் குனிந்து கார்புரேட்டர் திருகை மறுபடி சரிசெய்தார். இஞ்சின் சீராக முனகியது. அப்படியும் விடாமல், துளித் துளியாகத் திருகிக்கொண்டே இருந்தார்.

“போதும் மாமா, நல்லாத்தான் இருக்கு.”

“இருங்க, இன்னும் கொஞ்சம்.”

“முடிஞ்சுதா தாத்தா?” என்றாள் பேத்தி.

“முடிஞ்சுதுடா கண்ணு.”

வீட்டுக்குப் போய், “பாப்பா பட்டறைக்கு வந்திருந்தா,” என்றார்.

மனைவி சண்டைக்கு வந்துவிட்டாள். “இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வரத் தெரியாதா உங்களுக்கு? சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை நாமளே போய்ப் பார்ப்போம். அவளுக்கு ஒரு கவுன் தைச்சு வச்சிருக்கேன், அளவு சரியா இருக்குமா?”

“கொஞ்சம் வளர்ந்திருக்கா,” என்றார் அவர்.