தாய்மாமன் கும்பிட்ட பேனர்

காதுகுத்து பேனரில் யார் கும்பிடலாம், யார் கும்பிடக்கூடாது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஷாகிராவுக்குத் தெரியும். குழந்தையின் அப்பாவும் அம்மாவும் கும்பிடுவார்கள், அழைக்கிறவர்கள் அவர்கள். தாய்மாமன் கும்பிடமாட்டார். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள் என்பதால் அவரை எல்லாரும்தான் கும்பிடவேண்டும். அவர் பேனரின் நடுவில், வாட்ச் தெரிகிற மாதிரி ஒரு கையால் காலரைத் தொட்டுக்கொண்டு, பாதித் திருத்தணியை விலை பேசி முடித்தவர்போல் நிற்பார். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலேறித் திருத்தணிக்கு வந்து ஹேமநாதனின் பிளெக்ஸ் கடையில் எட்டு வருடமாக டிசைன் செய்கிறவள் ஷாகிரா. இப்படி எத்தனையோ தாய்மாமன்களை நிற்கவைத்திருக்கிறாள்.

தை மாதம் ஹேமநாதன் கடைக்கு ஏஐ வந்தது. "இனிமே நீ எதையும் வெட்டி ஒட்ட வேணாம்மா. வாயால சொன்னா போதும், அதுவே பண்ணிடும்" என்றார். உன் வேலை போகாது என்றும் சேர்த்துச் சொன்னார். அதுவரை அப்படியொரு எண்ணமே ஷாகிராவுக்கு வந்திருக்கவில்லை.

இருந்தாலும் அவளுக்கு அதன்மேல் கோபமில்லை. சுருட்டை முடிக்காரர்களின் தலையை மயிர் மயிராக வெட்டியெடுத்த காலம் போனதற்கு யாராவது அழுவார்களா? முருகனுக்குப் பக்கத்தில் மயில் கேட்டால் மயில் கொடுத்தது. சேவல் கேட்டால் இன்னொரு மயிலைக் கொடுத்தது. திட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாவது மயிலைக் கொடுத்தது. கடையில் இதற்குமுன் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை என்பதால் அவள் பொறுத்துக்கொண்டாள்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை யுவஸ்ரீ வந்தாள். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் தணிகாசலத்தின் மனைவி. ஐந்து வயது மகள் தன்ஷிகாவுக்கு வெள்ளிக்கிழமை மலைமேல் காதுகுத்து.

"எங்கண்ணன் போட்டோதான் பெருசா வரணும்க்கா. கனகம்மாசத்திரத்துல டிபன் கடை வெச்சிகினு இருக்காரு. ஏழு வருஷமா பேச்சே இல்ல."

"ஏன், இன்னா ஆச்சி?"

"என் கல்யாணத்துல அவர் போட்டோவ பேனர்ல ஸ்டாம்பு சைசுக்குப் போட்டுட்டாங்க. கடைசி வரில, மாப்பிள்ள ஃபிரண்ட்ஸுங்க நடுவுல. எங்க நைனா இல்லாத எடத்துல நின்னு கட்டிக்குடுத்தவரு அவரு. பாத்தாரு, சாப்புடாமக்கூட போய்ட்டாரு. எங்க வீட்டுக்காரரு வேணும்னே பண்ணாருன்னு அண்ணன் நெனச்சிகினு இருக்காரு. இப்ப பத்திரிகை வெச்சோம். வாங்கி கல்லா மேல வெச்சாரு. வரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. அவர் கண்ணுல படற மாதிரி அவர் கடை எதுருல இருக்கற பஸ் ஸ்டாப்லயே பேனர் கட்டணும்க்கா."

அந்தக் கல்யாண பேனரைச் செய்தவள் ஷாகிராதான். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. பூபாலன் என்று பெயர் மட்டும் போட்டு வந்த இந்த அண்ணனின் படம் மிகச் சின்னது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. உடையாத அளவுக்குச் சுருக்கி, இடம் கிடைத்த மூலையில் செருகிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள். தணிகாசலத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பேனரால் கெட்டதைப் பேனராலேயே சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

யுவஸ்ரீயிடம் அண்ணன் படம் ஒன்றே ஒன்று இருந்தது. பனியனோடு அடுப்படியில், வடைச் சட்டியைப் பார்த்து முறைத்தபடி நிற்கிறார். ஷாகிரா அதை ஏஐயிடம் கொடுத்தாள். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆளுயரத்துக்கு நிற்கவேண்டும், மரியாதையாக இருக்கவேண்டும் என்றாள். படம் வந்ததும் முகத்தைத்தான் பார்த்தாள். பெரிதாக்கினாள். உடையவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். மீசையில் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிந்தது. ஏழு வருடத்துக்கு முன் இது இருந்திருந்தால் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் பார்த்த யுவஸ்ரீயும் அழுதாள். ஹேமநாதன் அழவில்லை, சூப்பர் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பத்தடிப் பேனர் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஏறியது.

புதன்கிழமை காலை அது கடைக்குத் திரும்பி வந்தது. பூபாலன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, மேஜைமேல் விரித்தார்.

"இத்த பண்ணது யாரும்மா?"

"நான்தாண்ணா."

"நான் எப்பம்மா அந்தாளக் கும்பிட்டேன்?"

ஷாகிரா அப்போதுதான் கைகளைப் பார்த்தாள். பத்தடிப் பேனரின் நட்டநடுவில், பட்டு வேட்டி கட்டிய தாய்மாமன், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பணிவாகப் புன்னகைத்தார். பக்கத்தில் தணிகாசலம், அவர் அனுப்பிய படத்தில் இருந்தபடியே, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மரியாதை என்றால் ஏஐக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"காலைல டீ குடிக்க வந்தவன்லாம் கேக்கறான், இன்னா பூபாலா, மச்சான் கால்ல வுழுந்துட்டியான்னு. நானே மறந்துட்டுப் போலாம்னு பாத்தா, அந்தாளு திரும்பவும் வேலையக் காட்றான்."

"அவரு இல்லண்ணா. கம்ப்யூட்டர் பண்ணிச்சி."

"கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இன்னா சண்டை?"

பழியைக் கம்ப்யூட்டர்மேல் போட்டால் அது உடனே மன்னிப்புக் கேட்கும் என்பது ஷாகிராவுக்குத் தெரியும். ஆனால் பூபாலன் இப்படியே பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை வரமாட்டார். அந்தக் குழந்தை வேறு யார் மடியிலாவது உட்காரும். இந்தச் சண்டை இன்னும் எத்தனை வருடமோ.

"கை என் தப்புண்ணா. நான் பாத்திருக்கணும். கல்யாண பேனரும் நான்தான் பண்ணேன். உங்க போட்டோ சின்னதா வந்துச்சி, பெருசு பண்ணா ஒடஞ்சிது. நான்தான் கடைசில கொண்டுபோய் வெச்சேன். உங்க மச்சானுக்கு ஒண்ணுமே தெரியாது."

பூபாலன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏழு வருஷமா அந்தாள டெய்லி திட்டிகினு இருக்கேம்மா. கடை தொறந்ததும் ஒரு வாட்டி, மூடறப்ப ஒரு வாட்டி. உன்ன ஒரு நாளுகூட திட்டலியே."

"இப்ப திட்டுங்கண்ணா."

அவர் யோசித்தார். "வரமாட்டேங்குது" என்றார்.

அவரை அப்படியே உட்காரச்சொல்லி ஷாகிரா போனில் ஒரு படம் எடுத்தாள். புதுசாக வேறு பேனர் இப்போதே அடித்துத் தருகிறேன், இந்தமுறை கையை நானே பார்க்கிறேன் என்றாள். தன்ஷிகாவின் படத்தையும் சேர்த்துக் கொடுத்து, காதுகுத்து அன்றைக்கு மாதிரி குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்திருக்கட்டும் என்று ஏஐயிடம் சொன்னாள். பத்து நொடியில் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், புதுப் பாவாடை, காதில் தோடு. மாமன் மடியில் குழந்தை பல் தெரியச் சிரித்தது. கைகளை ஷாகிரா மூன்றுமுறை பார்த்தாள். குழந்தையை அணைத்துப் பிடித்திருந்தன. ஒரு குறையும் இல்லை.

பூபாலன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதான் பாப்பாவா?"

"ஆங். நீங்க பாத்ததில்லியா?"

அவர் திரையில் குழந்தையின் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்க நைனா மூக்கு" என்றார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, காது குத்தறப்ப கொழந்தைங்க அழுவும்ல?"

"எல்லாம் அழுவும்ண்ணா."

"இது ஏன் சிரிக்குது?"

"அழுவுற மாதிரி வேணும்னா சொல்லுங்க, மாத்திடலாம்."

"வேணாம்." அவர் வேட்டி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு நான் யார்னே தெரியாது. மடில வெச்சா எறங்கி ஓடப் பாக்கும், கடிக்கும், ஊரக் கூட்டும். இத்த அடிக்காத. வெள்ளிக்கெழம அழுவட்டும். அத்த போட்டோ எடுத்து அடி."

ஷாகிரா யுவஸ்ரீக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே பூபாலன் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்கக்கா, அண்ணன் பேனரப் பாத்தாராமா?" என்றது போன்.

பூபாலன் இரண்டுமுறை செருமினார்.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.