மெழுகு பூசிய காரும் கறுத்த எண்ணெயும்

ஞாயிறு தவறாமல் கார்த்திகேசு தம் காருக்கு மெழுகு பூசுவார். சக்கரங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். பிரேக் எண்ணெயை மட்டும் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் மாற்றியதில்லை. எண்ணெய் டப்பாவில் அளவு இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாகக் கை கழுவுவார். காலில் தைத்த முள்ளை மறந்து தோகையை நீவிக்கொண்டு திரியும் மயில் ஒன்று உண்டானால், அது தன் வீட்டில்தான் வளர்கிறது என்று எண்ணிக்கொள்வாள் அவர் மனைவி ருக்குமணி.

"எண்ணெய் பால் ஊத்தாத கோப்பி-ஓ மாதிரி கறுத்துப் போச்சுங்க. தண்ணி சேந்திருக்கும்."

"மூடி போட்ட டப்பாக்குள்ள தண்ணி எப்படிப் போகும்?"

"காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு காரோட குடுத்த புக்குலயே போட்டிருக்கு."

"புக்கு எழுதுனவன் எண்ணெய்க் கடைக்காரனோட மச்சான் லா!"

அன்று மகள் ஷர்மினியையும் அழைத்துக்கொண்டு மலைக்கு அப்பாலுள்ள பாலிக் பூலாவில் டுரியான் பழம் வாங்கித் திரும்பினார்கள். மலையிறக்கம் முழுவதும் கார்த்திகேசு பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. டுரியான் வாடையையும் மீறிக் கருகல் நெடி எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி, தடையின்றித் தரை வரை இறங்கியது.

"கியரைக் குறைங்க! ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுங்க!" என்று கத்தினாள் ருக்குமணி.

கார் மண்மேட்டை உரசிக்கொண்டு புல்லில் நின்றது. பின்னிருக்கையில் ஷர்மினி முகம் வெளிறி அமர்ந்திருந்தாள். இறங்கி ஓடிய கார்த்திகேசு மகளைப் பார்க்கவில்லை; கதவைப் பார்த்தார்.

"ஐயோ, பெயிண்டு!"

ருக்குமணி பின்னால் திரும்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அவர் மிதியை அழுத்திப் பார்த்தார். பழையபடி கெட்டியாக நின்றது. முகத்தில் வெற்றிக் களை.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. கிளம்புவோம்."

"எண்ணெயில சேந்த தண்ணி கொதிச்சது ஆறியிருக்கு, அவ்வளவுதான். இன்னும் எத்தனை வளைவு இருக்கு? மறுபடியும் கொதிக்கும். ஷர்மினி, இறங்கும்மா."

"போறவன் வர்றவன்லாம் பாக்கிறான் ருக்கு, மானம் போவுது!"

அவள் சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இழுவை லாரிக்குப் போன் செய்தாள்.

இழுவை லாரி வந்து சேர்ந்தபோது, கார்த்திகேசு கைத்துணியால் கீறலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றாள் ருக்குமணி, லாரிக்காரரிடம் சாவியை நீட்டியபடி. "காடிய பட்டறையில விட்டு, பிரேக்கைப் பாத்து எண்ணெயை முழுசா மாத்தச் சொல்லுங்க. நானும் மகளும் வாடகைக் காடியில வந்துடுறோம். இவரை மட்டும், வழியில மெழுகு விக்கிற கடை ஏதாச்சும் இருந்தா, அங்க இறக்கி விட்டுடுங்க."