மகிழினி வெளியே வந்தது சரியா

சுகிர்தா எழுதிய நாவலை முதலில் படித்தவன் அவள் கணவன் செல்வமணி. ராஜபாளையம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். மதியம் ஆள் வராத நேரத்தில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"அதுல வாற புருசன் ஒண்ணுக்கும் ஆகாதவனா இருக்கானே, அது நானா?"

"கதை நடக்கது ரெண்டாயிரத்துத் தொண்ணூறுல."

"அப்போ சரி" என்று இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டான்.

நாவலின் பெயர் 'வெளியேறும் பொத்தான்'. உலகமே ஒரு ஆன்லைன் விளையாட்டுக்குள் குடியேறிவிட்ட காலம். சம்பாதிப்பது, சண்டை போடுவது, கல்யாணம் எல்லாம் உள்ளேயே நடக்கின்றன. மகிழினி என்ற பெண் அதிலிருந்து வெளியேறும் பொத்தானைத் தேடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் கண்டுபிடித்து அழுத்துகிறாள். வெளியே வந்து முதல்முறையாகச் சூரியனைப் பார்க்கிறாள். அவள் கணவன் ஆதவன் உள்ளேயே நின்றுவிடுகிறான்.

சுகிர்தா தனியார் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். காலை முதல் பாடவேளையில் பாதி வகுப்பு இரவெல்லாம் கேம் ஆடி வீங்கின கண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அதை எழுதினாள். படித்தால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று நம்பினாள். புத்தகம் வந்த பிறகு நாலைந்து மாணவிகள் ஆசிரியர் அறைக்குத் தேடி வந்தார்கள்.

"மிஸ், கேம் சூப்பரா இருக்கு. பிளே ஸ்டோர்ல என்ன பேர்ல இருக்கு?"

தலைமையாசிரியை ஒரு பிரதி வாங்கி நூலகத்தில் கம்ப்யூட்டர் புத்தகங்களோடு வைத்தார்.

இந்த நிலையில்தான் வாசகர் வட்டம் ஒரு சனிக்கிழமை மாலை விமர்சனக் கூட்டம் வைத்தது. இடம், தெற்கு ரத வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. கூட்டத்தை நடத்திய குருசாமி அண்ணாச்சி நாவலைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தார்.

"நாவல் நல்லாருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஊர்ல எல்லாரும் கேமுக்குள்ள போய்ட்டா கோமதியம்மன் தேரை யாரு இழுக்கது?"

"கேமுக்குள்ளயே தேர் இருக்கும் அண்ணாச்சி."

"புஸ்தகத்துல இல்லையே."

"இல்ல. எழுதல."

அண்ணாச்சி பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து மெடிக்கல் ஷாப் யாகூப் எழுந்தார்.

"அம்புட்டு பேரும் வருசக்கணக்கா படுத்தே கிடந்தா முதுகுல புண்ணு வரும். மருந்து யாரு குடுப்பா?"

"ரோபோ குடுக்கும்."

"ரோபோவுக்கு லைசென்ஸ் உண்டா?"

சுகிர்தா, அதை யோசிக்கவில்லை என்றாள். யாகூப் திருப்தியோடு உட்கார்ந்தார்.

கடைசி வரிசையில் ஷமீரா இருந்தாள். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தவள். துணைக்கு வந்த மாமியார் மகபூப் பீவி, கூட்டத்தில் கொடுத்த மிக்சரை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஷமீராவின் கணவன் ஷேக் ஃபரீத் வளைகுடாவில், தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணமான கையோடு விடுப்பு முடிந்து போனவன். அதன் பிறகு ஒரு தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறான்.

ஷமீரா எழுந்து நின்றாள். "எனக்கு முடிவு பிடிக்கல டீச்சர்."

"ஏன்?"

"அவ வெளிய வந்து சூரியனைப் பாத்தா. சரி. அந்த ஆதவன் உள்ள ஒத்தையில நிக்கான். அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்லா? அந்தக் கேமுக்குள்ள வச்சுத்தானே ரெண்டு பேரும் பேசிக்கிட்டாவ."

"அது நிஜமான பேச்சு இல்லன்னு காட்டத்தான்..." என்று சுகிர்தா தொடங்கினாள்.

"போன்ல பேசுறதுதான் டீச்சர் எங்களுக்கு நிஜமில்ல. சாப்டியா, உம்மா நல்லாருக்கா, மழை உண்டா. அதோட முடிஞ்சிரும். நாங்க கேம்ல ஒரு படகு வச்சிருக்கோம். மீன் பிடிச்சு வித்து, ஒரு தீவுல வீடு கட்டுதோம். ஜன்னல் எங்கன வைக்கணும்னு ஒரு நாள் பூரா சண்டை போட்டிருக்கோம். போன்ல அவுக என்ட்ட சண்டையே போட்டதில்ல."

சுகிர்தாவுக்கு முகம் சூடேறியது. அவள் எழுதிய முந்நூறு பக்கத்தில் ஜன்னலுக்குச் சண்டை போடுகிற ஒருவரும் இல்லை.

"டீச்சர் என்ன கேம் ஆடுவிய?" என்று குருசாமி அண்ணாச்சி கேட்டார்.

"நான் ஆடுனதே இல்ல அண்ணாச்சி."

"பொறவு எப்படி எழுதுனிய?"

"கற்பனைதான்."

அண்ணாச்சி அதையும் குறித்துக்கொண்டார்.

"நான் காட்டுதேன், வாங்க" என்றாள் ஷமீரா. அன்று ஃபரீத்துக்கு லீவு. கேமுக்குள்தான் இருந்தான். ஷமீராவின் போனைச் சுற்றி எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நீலத் தண்ணீரில் ஒரு படகு. அதில் தொப்பி போட்ட ஃபரீத்தின் உருவம் தூண்டிலோடு நின்றது, பக்கத்தில் ஷமீராவின் உருவம். சுகிர்தா திரையில் விரலை வைத்தாள். ஷமீராவின் உருவம் நேராக நடந்து கடலில் விழுந்தது.

"ஏட்டி, என்ன செய்த?" என்று போனிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் இல்ல மச்சான். டீச்சர். அந்த நாவல் எழுதுனாங்கல்லா, அவங்க."

"அஸ்ஸலாமு... வணக்கம் டீச்சர். நாவலை இவ எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டுனா. நான் மீன் பிடிப்பேன், இவ வாசிப்பா."

"உங்களுக்கும் முடிவு பிடிக்கலையா?" என்று சுகிர்தா கேட்டாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

ஷமீரா போனை முறைத்தாள். "என்ட்ட சொல்லவே இல்ல?"

"நீ அழுதுக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்ல?"

"அவ அவனை விட்டுட்டுப் போறா. அது எப்படிப் பிடிக்கும்?"

"அவ விட்டுட்டுப் போனதை நான் பாக்கல. பொத்தான் இருக்குன்னு தெரிஞ்சுது, அழுத்திட்டா. அதைத்தான் பாத்தேன்." குரல் தணிந்தது. "எனக்கு இங்க போதும்னு இருக்கு ஷமீ. ரெண்டு மாசமா சொல்லணும்னு பாக்கேன். ஊர்ல வீடு கட்டுத வேலை பாதியில நிக்கி. உம்மா என்ன சொல்லுவாளோன்னு பேசாம இருந்துட்டேன். உம்மாட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத."

ஷமீரா திரும்பிப் பார்த்தாள். மகபூப் பீவி மிக்சர் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து வந்து போனை வாங்கி, பின்பக்கத்துக் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"ஏலே, உம்மா இங்கனதான் இருக்கேன்."

படகில் நின்ற உருவம் அசையவில்லை. தூண்டிலில் ஏதோ மீன் மாட்டித் திரை மினுங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை.

"பூசாத வீட்டுல மனுசன் இருக்க முடியாதா? உங்க வாப்பா இருந்தாரு. எப்ப வார?"

"இந்தக் காண்ட்ராக்ட் முடியட்டும் உம்மா. இன்ஷா அல்லாஹ், நோன்புக்கு முன்னாடி."

"வா" என்று சொல்லிப் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு, மகபூப் பீவி மறுபடி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஷமீரா திரையைத் துடைத்தாள். திரையில் ஒன்றும் இல்லை, கண்ணில்தான் இருந்தது. குருசாமி அண்ணாச்சி நன்றியுரை சொல்ல எழுந்து, டீ வந்துவிட்டது என்றார்.

வீட்டுக்குப் போனதும் சுகிர்தா நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் ஆதவன் என்ன நினைத்தான் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. புருசன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று எழுதிவிட்டு, அவனிடம் அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஃபரீத் சொன்னபடி நோன்புக்கு முன்னாடி வந்தான். புளியங்குடியில் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் சேர்ந்தான். பெருநாள் கழிந்து சுகிர்தாவையும் செல்வமணியையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஃபரீத் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள ஆள். வாங்க என்று சொன்னதோடு சரி.

சமையல்கட்டில் ஷமீரா மெதுவாகச் சொன்னாள். "வந்த புதுசுல ரொம்பக் கஷ்டமா போச்சு டீச்சர். எதிரும் புதிருமா உக்காந்திருப்போம். சாப்டியளாம்பேன். சாப்டேம்பாக. தெரியாத ஆளு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. வெளிய வந்தா போதும்னு எழுதிட்டியளேன்னு, உங்க நாவலை நினைச்சா எனக்குக் கோவம் கோவமா வரும்."

"அப்புறம்?"

"தண்ணி மோட்டார் ரிப்பேராயிட்டு. அவுக மாடியில டேங்க்ட்ட நின்னாக, நான் கீழ சுவிட்ச்ட்ட. தண்ணி வருதாம்பாக. வரலம்பேன். நீ சரியா பாக்கலம்பாக. நீங்கதான் பைப்பைத் தப்பா மாட்டியிருக்கியம்பேன். மதியம் வரைக்கும் அதே சத்தம், அந்த ஜன்னல் சண்டை மாதிரி. மாமி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஆயிஷம்மாளைச் சமாதானம் பேசக் கூட்டிட்டு வந்துட்டாக."

"மோட்டார் சரியாச்சா?"

"அன்னைக்குச் சரியாகல" என்றாள் ஷமீரா. "மறுநாளும் அவுக மாடிக்குப் போனாக, நான் சுவிட்ச்ட்ட நின்னேன்."