கார் நிறுத்தும் இடத்தில் நிச்சயதார்த்தம்

டோரதி டீச்சர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். மகள் கேரலின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது பங்குச் சாமியாரைக் கேட்டாள், சம்பந்தி வீட்டாரைக் கேட்டாள், தசரா எப்போது என்று மட்டும் பார்க்கவில்லை. மைசூரில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் செய்வாளா என்று கேட்காதீர்கள், கல்யாண வீட்டில் யாருக்குப் புத்தி நேராக ஓடுகிறது?

தசராவுக்கு நடுவே விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்டின் கீழ்த்தள ஹாலில் காமாக்ஷி மாமியின் கொலு இருக்கும். வருஷா வருஷம் அங்கேதான். ராஜா ராணி பொம்மைகளை ஏற்றி வைத்துவிட்டால் விஜயதசமிவரை எதையும் நகர்த்தக் கூடாது. கொலுவுக்கு யார் போய் அனுமதி கேட்பார்கள்? மாமி கேட்கவில்லை. டோரதி நிச்சயதார்த்தத்துக்கு அதே ஹாலைக் கேட்டாள். செயலாளர் ஸ்ரீவத்ஸனும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். விஷயம் வெடித்தபோது ஊரில் ஒரு மண்டபம்கூடக் காலியில்லை.

கூட்டம் கூடியது. கூட்டமா அது, சந்தைக்கடை!

"மேல மொட்டைமாடி இருக்கே டீச்சர், ஷாமியானா போட்டுக்கோங்களேன்" என்றார் ஸ்ரீவத்ஸன்.

"மாடி ஆகாது சார்."

"ஏன் ஆகாது?"

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனுஷர் கௌரவம் பார்ப்பவர். "நாலு பேர் காதுல விழ வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார், அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாயைத் திறந்தால் வாக்குப் போகும், மூடிக்கொண்டால் நிச்சயதார்த்தமே நின்று போகும். பாவம், என்னதான் செய்வாள்?

"எஷ்டு பிடிவாதம், நோடி" என்று தன் கன்னடத் தமிழில் முணுமுணுத்தாள் இரண்டாவது மாடி கௌரம்மா.

"சரி, வோட்டுப் போட்டுடலாம். ஹால் கொலுவுக்குன்னு சொல்றவா கை தூக்குங்கோ" என்றார் ஸ்ரீவத்ஸன்.

கைகள் மளமளவென்று எழுந்தன. மாமி அத்தனை கைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் கையைக் கீழே போடுங்கோ. இப்படி ஜெயிச்சுட்டு நாளைக்கு இவ மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது?"

"மாமி, மெஜாரிட்டி..."

"சும்னிரு ஸ்ரீவத்ஸா! இவ்வளவு நேரம் கத்தினோமே, இவளுக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டோமா? நானும் கேக்கலை." மாமி நாற்காலியை டோரதியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "காரணம் சொல்ல முடியலேன்னா சொல்ல வேண்டாம். எது இருந்தாப் போதும்? அதை மட்டும் சொல்லு."

டோரதி யோசித்தாள். அப்படி யாரும் கேட்காததால் அவளும் யோசித்திருக்கவில்லை.

"படி இருக்கக் கூடாது மாமி. கார்ல இருந்து இறங்கினா நேரா வந்து உக்காரணும். அவ்வளவுதான்."

"அப்போ ஹால்?"

"ஹாலை வெச்சுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

கௌரம்மா தொடையில் தட்டினாள். "ஐயோ, கார் பார்க்கிங்ல படியே இல்லை ரீ! ஒரு நாள் எல்லா காரும் வெளியே இரலி!"

எல்லோரும் ஸ்ரீவத்ஸனைப் பார்த்தார்கள். புதுக் கார்மேல் பூனை உட்கார்ந்தாலே பதறுகிறவர்.

"தசரா கூட்டத்துல தெருவுல இடம் கிடைக்காதே..." என்று இழுத்தவர், டோரதியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சரி, எங்க ஆபீஸ் காம்பவுண்டைக் கேட்டுப் பார்க்கறேன். ஹாலை யோசிக்காமக் குடுத்தவன் நான்தானே."

படி ஏற முடியாதவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது டோரதிக்கு. அழுகையும் வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று செவ்வந்தித் தோரணத்துக்கு அடியிலேயே கார் வந்து நின்றது. சம்பந்தி கைத்தடியை ஊன்றி இறங்கி, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மோதிரம் மாற்றியானதும், கொலுச் சுண்டலோடு வந்த மாமியிடம் அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"பக்கவாதம் வந்து எனக்குக் கால் சரியா இல்லம்மா. மாடி ஏறச் சொல்லிடுவாங்களோன்னு ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. நல்லவேளை, இடம் தானா அமைஞ்சுது."

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் மாமி, கண்ணை அகல விரித்து.

சுண்டல் தட்டை வாங்கும் சாக்கில் டோரதி மாமியின் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.