பத்தாவது முத்திரை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. நாற்காலியை இழுத்துப் போட்டு, நனைந்த கால்களை அடுப்புப் பக்கம் நீட்டுங்கள். மழை விட இன்னும் நேரமிருக்கிறது. அதற்குள் ஒரு பழி வாங்கிய கதையைச் சொல்லி முடித்துவிடுவேன். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் பட்டவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

எங்கள் மோர்வான் மலைக்காட்டில், ஊர்க் கடைசியில் தார் முடிகிற இடத்திலிருந்து ஒரு சரளைப் பாதை கிளம்புகிறது. மூன்று கிலோமீட்டர். பீச் என்கிற உயர்ந்த காட்டு மரங்களுக்கு நடுவே ஏறி, ஓடையை ஒட்டி இறங்கி, எப்போதோ சின்ன ரயில் ஓடிய தடத்தில் போய்ச் சேரும். கார் நுழையாது, லாரி நுழையாது. சக்கரத்துக்கு அடியில் கல் நொறுநொறுவென்று அரைபடுகிற சத்தமும் மரங்கொத்தியின் சத்தமும்தான். அது போய்ச் சேருகிற இடத்தில் பழைய ரயில் கேட் காவல் வீடு. லூசெத்தும் அவள் புருஷன் ஃபிர்மேனும் அங்கேதான் குடியிருந்தார்கள்.

ஃபிர்மேன் ஊராட்சியில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான். மழை பெய்த மறுநாள் காலையில் தள்ளுவண்டி நிறையச் சரளையோடு அந்தப் பாதையில் நிற்பார். குழியை அடைப்பார், தண்ணீருக்கு வாய்க்கால் கீறிவிடுவார். லூசெத் முன்னறையில் நாலு மேசை போட்டுக் காபியும், பன்றிக்கறித் துண்டு போட்டுச் சுட்ட கிராப்பியோ என்கிற தடித்த தோசையும் விற்பாள். பாரிஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் தடித்த டயர் சைக்கிளில் முழங்கால்வரை புழுதியோடு வருகிறவர்கள் அந்தக் கிராப்பியோவுக்காகவே ஒரு மேட்டைக் கூடுதலாக ஏறுவார்கள். அந்தப் பாதை இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அடுப்பு இல்லை.

பாதை கிளம்புகிற முனையில் ஒரு பெரிய மாளிகை. அதன் சொந்தக்காரர் மெஸ்யே ஷொவ்லோ. பாதையின் இரண்டு பக்கக் காடும் அவருடையது. பாதை மட்டும் ஊருடையது. அந்த ஒரு கீற்று அவர் கண்ணில் உறுத்தியது. அதுவும் கிடைத்துவிட்டால் சுற்றிலும் வேலி போட்டு, மானும் காட்டுப்பன்றியும் விட்டு, நண்பர்களைக் கூட்டிவந்து வேட்டையாடலாம். எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஊர்ப் பாதை ஒன்றில் பொதுமக்கள் போக்குவரத்து அற்றுப்போனால் ஊராட்சி அதை விற்கலாம். ஆகவே போக்குவரத்தை அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிப்ரவரி மாதம் ஏழு பீச் மரங்கள் பாதைக்குக் குறுக்கே 'தானாக' விழுந்தன. பாதை முனையில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு பச்சை அம்பு முளைத்தது. அம்பு காட்டியது கீழே உள்ள தார் ரோட்டை. கேட் வீட்டுக்கு அந்த வழியாகச் சுற்றிப் போனால் பதினாலு கிலோமீட்டர். வழியெல்லாம் மரம் ஏற்றிய லாரிகள்.

மார்ச்சில் ஒரு காலை, ஃபிர்மேன் ரொட்டி வாங்க ஊருக்குக் கிளம்பினார். எழுபத்திநாலு வயது மனிதர் ஏழு மரத்தின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? தார் ரோட்டைப் பிடித்தார். வளைவில் ஒரு லாரியின் காற்று அவரைப் பள்ளத்தில் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் மே மாதம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று ஷொவ்லோ வெள்ளை லில்லி வளையம் கொண்டுவந்து கல்லறை மேல் வைத்தார். லூசெத் அவருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் போனதும் என் காதோரம், "அழுதுட்டு உட்கார்ந்தா அவன் ஜெயிச்சிருவான்டி" என்றாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சில் அவர் 'அவன்' ஆகிவிட்டார். இனிமேல் நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் சைக்கிள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஜூன் முதல் ஞாயிறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சரளைச் சுற்று. ஆளுக்கு ஓர் அட்டை. வழியில் ஐந்து இடத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஓட்டுகிறவரே தன் கையால் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முத்திரை குறைந்தாலும் அந்த வருஷம் கணக்கில்லை. முதல் முத்திரை ஊர் பேக்கரியில், இரண்டாவது லூசெத்தின் கடையில். விடாமல் பத்து வருஷம் முடித்தவருக்குத் தங்கப் பதக்கம். சங்கத்துச் செயலாளர் நான். முடிந்த அட்டைகளெல்லாம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

ஷொவ்லோ ஒன்பது வருஷம் முடித்திருந்தான். அது பத்தாவது. மரம் விழுந்ததால் அந்த வருஷம் எல்லோரையும் கேட் வீட்டுக்குத் தார் ரோடு வழியாகச் சுற்றி அனுப்புவது என்று சங்கம் முடிவு செய்தது. அவனுக்கு அது ஒப்பவில்லை. போன வருஷத்தைவிட நேரம் கூடிவிட்டதென்று யாராவது சொல்லிவிட்டால்? அறுபத்தைந்து வயதில் தன் கால் தளரவில்லை என்று ஊருக்குக் காட்டுகிற ஆசை அவனுக்கு. இரும்பைவிடப் பொல்லாதது அந்த ஆசை.

அன்று காலை நான் லூசெத்தின் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். சரளைச் சத்தம் காட்டுப் பக்கத்திலிருந்து கேட்டது. தார் ரோட்டுப் பக்கத்திலிருந்து அல்ல. ஷொவ்லோ வந்தான். முழங்கையில் சிராய்ப்பு, சட்டையில் பாசி. தான் போட்ட மரத்தைத் தானே ஏறித் தாண்டி வந்திருக்கிறான். புருஷனைப் புதைத்து மூன்று வாரம் ஆகாதவள் முன்னால் அட்டையை நீட்டினான்.

"ஒரு முத்திரை மதாம். கொஞ்சம் சீக்கிரம்."

போட்டுவிடாதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். பத்து வருஷம் அவன் கட்டிய கோட்டை அந்த ஒரு மறுப்பில் இடிந்துவிடும். அவளோ மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையை அழுத்தி, அட்டையை அவன் பக்கம் திருப்பினாள்.

"நேரத்த நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க மெஸ்யே. அதானே வழக்கம். பாதை எப்படி இருக்கு?"

"மரம் குறுக்க கிடக்கு. தூக்கிட்டுத் தாண்டி வந்தேன்."

"இந்த வயசுலயும் நல்ல தெம்புதான்."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஏழு மணி இருபத்தாறு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்தைச் சுழித்துவிட்டுப் போனான். நான் அவள்மேல் பாய்ந்தேன். ரோஷம் இல்லையா, புருஷன் உயிர் அவ்வளவு மலிவா என்றெல்லாம் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"கல்லு இன்னும் சூடாகலடி" என்றாள். "பச்சை மாவத் திருப்பினா பிஞ்சுதான் போகும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது.

செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. பாதையை விலைக்குக் கேட்டு ஷொவ்லோ ஊராட்சிக்கு எழுதியிருந்தான். விற்கும் முன் பதினைந்து நாள் பொது விசாரணை நடக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து தன் கருத்தை எழுதலாம். விசாரிக்க வெளியூரிலிருந்து தெவ்னே என்ற அம்மாள் நியமிக்கப்பட்டாள். முதல் நாளே ஷொவ்லோ போய் அரைப் பக்கம் எழுதினான். பத்தாண்டுகளாக இந்தப் பாதையில் ஒரு சக்கரமும் உருண்டதில்லை, இது செத்த பாதை, இதை என் மனச்சாட்சிப்படி உறுதி சொல்கிறேன் என்று.

நாலைந்து பேர் எதிர்த்து எழுதினார்கள். ஆனால் எழுத்துக்கு எழுத்து, வாய்க்கு வாய். அவன் பெரிய மனிதன். லூசெத் மட்டும் அலுவலகப் பக்கமே போகவில்லை. நாள் ஓடியது. ரொட்டி வாங்கப் போன இடத்தில் பேக்கரிக்காரி பொறுக்க மாட்டாமல் குத்தினாள்.

"என்ன லூசெத், நாக்கையும் ஃபிர்மேனோட சேத்துப் பொதச்சிட்டியா?"

"இல்லடி, தீட்டிக்கிட்டிருக்கேன்."

பன்னிரண்டாம் நாள் அவள் மரங்களைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். அலமாரியைத் திற என்றாள். பத்து வருஷத்து அட்டைகளையும் தரையில் பரப்பி, இரண்டு பேரும் முட்டி வலிக்க வலிக்க உட்கார்ந்து பிரித்தோம். ஏன் முதல் நாளே போகவில்லை என்று கேட்டேன். முதல் நாளே போயிருந்தால் அவன் வேறு மாதிரி எழுதியிருப்பான், அழித்து எழுத முடியாதபடி மை காயட்டும் என்று காத்திருந்தேன் என்றாள்.

கடைசி நாள். பதிவேட்டை மூட அரைமணி இருக்கும்போது இரண்டு பேரும் போனோம். மேயர் இருந்தார். மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஷொவ்லோவும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். லூசெத் கொண்டுவந்த அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். வருஷத்துக்கு அறுபது எழுபது பேர். ஒன்பது வருஷமும் அந்தப் பாதையில் வந்து முத்திரை வாங்கிய அத்தனை அட்டையும் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஓர் அட்டை.

தெவ்னே அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"மெஸ்யே ஷொவ்லோ, இது உங்க கையெழுத்தா?"

அவன் ஆமென்றான்.

"இந்த ஜூன் மாசம், பேக்கரில ஏழு பத்து. கேட் வீட்டுல ஏழு இருபத்தாறு. எந்த வழியாப் போனீங்க?"

"தார் ரோட்டுல. எல்லாரும் போன மாதிரி."

"பதினாலு கிலோமீட்டர பதினாறு நிமிஷத்துலயா? அப்ப இந்த அட்டைல போட்டிருக்கிற தங்கப் பதக்கம் உங்களுக்கு ரொம்பச் சின்னதுங்க."

மேயர் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். அப்போதுதான் லூசெத் வாயைத் திறந்தாள்.

"அவரு பாதைல வந்தாருங்க மதாம். மரத்தத் தூக்கித் தாண்டினேன்னு எங்கிட்டயே பெருமையாச் சொன்னாரு. நம்பாட்டி விட்ருங்க. நேரத்தப் பொய்யா எழுதினாருன்னு வெச்சுக்கிட்டா, சங்கம் பத்து வருஷத்தையும் அடிச்சிடும். அவ்வளவுதான்."

தெவ்னே அம்மாள் ஒரு கையைப் பதிவேட்டின் மேலும் ஒரு கையை அட்டையின் மேலும் வைத்தாள். இரண்டும் ஒரே ஆள் எழுதியவை, இரண்டும் உண்மையாக இருக்க முடியாது, எது பொய் என்று கேட்டாள்.

அட, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சப்புக்கொட்டுகிறேன், கடவுள் மன்னிக்கட்டும். பாதையா, பதக்கமா? காடு முழுக்க வேலி போடுகிற கனவு ஒரு பக்கம். தளராத கால் என்ற பெயர் ஒரு பக்கம். புத்தியுள்ள எவனும் பாதையைத்தான் எடுப்பான். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"பதிவேடுதான் பொய்" என்றான்.

விற்பனை அன்றோடு செத்தது. மரத்தைப் போட்டவனே ஒரு மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்று மேயர் கடிதம் அனுப்பினார். ஊரில் ஒருவரும் கூலிக்குப் போகவில்லை. ஷொவ்லோ தன் கையாலேயே ரம்பம் பிடித்து அறுத்தான். லூசெத் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையோரம் போட்டு, ஏழு மரமும் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பளி பின்னிக்கொண்டுகூட இருக்கவில்லை. சும்மா பார்த்தாள்.

இத்தோடு முடிந்ததென்று நான் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அரசாங்க ஆணை வந்தது. இனி ஊரில் ஒவ்வொரு சந்துக்கும் பாதைக்கும் பெயர் இருக்க வேண்டும், ஒவ்வொரு வாசலுக்கும் எண் இருக்க வேண்டும். அதுவரை அந்த மாளிகைக்கு ஊர்ப்பெயரே விலாசம். லூசெத் ஊராட்சிக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டாள். முப்பது வருஷம் சரளை போட்ட மனிதரின் பெயரை அந்தப் பாதைக்கு வைக்க வேண்டும் என்று. கூட்டத்தில் பதினொரு கையும் உயர்ந்தன.

மறுநாளே ஷொவ்லோ கேட் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வேற பேரு வெக்கச் சொல்லுங்க மதாம். ஓடைப் பேரு வெக்கலாம், மரத்துப் பேரு வெக்கலாம். நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்க கடுதாசி வந்து சேரணும்ல மெஸ்யே" என்றாள் லூசெத். "தபால்காரிக்கு வழி தெரிய வேண்டாமா?"

ஃபிர்மேன் பெரோ பாதை, எண் ஒன்று. அவனுடைய வரிக் காகிதத்தில் அந்தப் பெயர். மின்சார ரசீதில் அந்தப் பெயர். மகள் அனுப்புகிற கிறிஸ்துமஸ் வாழ்த்தில் அந்தப் பெயர். எங்கே கையெழுத்துப் போடப் போனாலும் முதலில் அந்தப் பெயரைத் தன் கையால் எழுதியாக வேண்டும். சங்கத்தின் தங்கப் பதக்கத்தை நானே தபாலில் அனுப்பினேன். உறையில் விலாசத்தைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன்.

இப்போது மனம் ஆறிவிட்டதா என்று ஒருநாள் அவளைக் கேட்டேன். கிராப்பியோவைத் திருப்பிப் போட்டபடி, "ஆறல" என்றாள். "ஆறணும்னு நான் செய்யல. அவன் மறந்துறக் கூடாதுன்னு செஞ்சேன்." வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் புழுதியோடு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. மழையும் விட்டுவிட்டது, கிளம்புங்கள். உங்கள் வீட்டு மனிதர்கள் காலையில் போன காலோடு மாலையில் திரும்பி வரட்டும். உங்கள் ரொட்டிக் கூடையும் சோற்றுப் பானையும் நிறைந்திருக்கட்டும். உங்களை வஞ்சிக்க நினைக்கிறவன் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கட்டும். நன்றாயிருங்கள்.