மதுரைவீரன் தொண்டைக்கு வந்த கரகரப்பு

மைக் செட் வாடகைக்கு விடும் பரக்கத் அலியின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆனந்தவள்ளி எடுத்த கரகரப்பு, அன்று சாயந்திரமே அவள் வீட்டுக்காரர் மதுரைவீரனின் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாயிரத்துப் பதினாறு, ஆடி மாதம், திருவானைக்காவல். அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது, காவிரியில் தண்ணீர் வரவில்லை, இதுவும் நடந்தது.

ஆனந்தவள்ளி ஐ.டி.ஐ. படித்தவள். கைலாசபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பதினோரு வருஷம் பேனல் போர்டுக்கு ஈயம் வைத்துவிட்டு, இடுப்பு வலி தாளாமல் வேலையை விட்டு, வீட்டு முன்அறையிலேயே ஒரு மேஜை போட்டு ரிப்பேர் பார்க்க ஆரம்பித்திருந்தாள். முதலில் வந்தது பரக்கத் அலியின் செட். "சத்தமா வெச்சா கணீர்னு இருக்குக்கா. மெதுவா வெச்சாதான் கிழியுது. துக்க வீட்டுல மெதுவா வைக்கச் சொல்றாங்க, மானம் போகுது" என்றான். அவள் கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டாள். அதன் கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒன்று சத்தத்தை மேலே தள்ளும், இன்னொன்று கீழே இழுக்கும். ஒன்று ஓய்ந்து மற்றது எழுந்திருப்பதற்குள் இமைக்கிற நேரத்திலும் குறைவாக ஓர் இடைவெளி, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மிஷின் பக்கம் ஆளே இல்லாத மாதிரி. பெரிய சத்தம் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். சின்னச் சத்தம் முழுசாக அதற்குள்ளேயே விழுந்து கிழியும். வைத்தியம் சுலபம். இரண்டையும் முழுசாகத் தூங்க விடாமல் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடவிட வேண்டும். பயாஸ் என்பார்கள். குட்டி ஸ்க்ரூ ஒன்றைத் திருப்பினால் போதும், ஆனால் சும்மா இருக்கும்போதும் செட் சுடும்.

அவள் ஸ்க்ரூவைத் திருப்பிக் கரகரப்பைத் துளி மிச்சமில்லாமல் எடுத்தாள். எடுத்தது எங்கே போகும் என்று எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் எதற்குக் குரல் இருக்கிறதோ அதற்குள் போகும். மேஜைக்கு அருகில் பாயில் படுத்திருந்தது மதுரைவீரன். காந்தி மார்க்கெட் மண்டியில் விடியற்காலையிலிருந்து வாழைத்தார் ஏலம் கூவிவிட்டு வந்து அசந்து தூங்குகிற மனுஷன். எழுந்து, காபி இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு சத்தம்தான் வந்தது. பயந்துபோய்க் கத்தினார். கத்தினது மட்டும் கோயில் மணியாட்டம் தெளிவாக இருந்தது.

தில்லைநகரில் ஒரு தொண்டை டாக்டர் ஆவி பிடிக்கச் சொன்னார். பிடித்ததில் மூக்கு நன்றாகத் திறந்தது. வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்று பரக்கத் அலி செட்டைக் கொண்டுவந்து நாள் முழுக்க அவர் வாயருகே வைத்துப் பார்த்தான். போனது போனதுதான், மனுஷனுக்குள் திருப்புவதற்கு ஸ்க்ரூவும் இல்லை. அப்புறம் ஆனந்தவள்ளி மேஜைமேல் ஒரு பழைய மிக்ஸியை வைத்துக்கொண்டாள். எல்லாச் செட்டின் கரகரப்பும் அதற்குள் போயிற்று. இப்போது அந்த மிக்ஸியைப் போட்டால் தெருநாய் எழுந்து ஓடும்.

ஏலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, கூவுகிறவருக்குக் கூவல் போதும். வீடுதான் நாசமாகப் போயிற்று. மெதுவாகச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனுஷன் விட்டுவிட்டார், இல்லை, கத்திச் சொன்னார். சோறு போடு என்பதை நூறு வாழைத்தார் விற்கிற குரலில் கேட்டார். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள், பாவம் தினம் சண்டை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். பிரசவத்துக்கு முந்தின நாள் மகள் யமுனா ஓசூரிலிருந்து போன் போட்டு அழுதாள். இவர் "பயப்படாதம்மா!" என்று போட்ட சத்தத்தில் அவள் பயந்து போனையே வைத்துவிட்டாள். அன்றைக்கு மதுரைவீரன் கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். வேலை முடிந்து வந்தால் தினமும் வாசலிலேயே "அசதியா இருக்கு!" என்று ஒரு கத்தல். ஆனந்தவள்ளிக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி கேட்கும். "நான் மட்டும் இங்க ஊஞ்சலா ஆடிட்டிருக்கேன்?" என்று அவளும் கத்துவாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். இப்படியே எட்டு வருஷம். கல்யாணமாகி முப்பது வருஷம் வாழ்ந்தவர்களுக்கு நடுவே கத்தல் மட்டும்தான் மிச்சம் என்றால் அது என்ன வாழ்க்கை? அவளே ஒருநாள் ஈயம் உருகுவதைப் பார்த்துக்கொண்டு இப்படிக் கேட்டுக்கொண்டாள். ஊர்ச் செட்டை எல்லாம் சரி பண்ணியாகிவிட்டது, வீட்டுச் செட்டு கிழிந்து கிடக்கிறது.

போன தை மாதம் மண்டியில் மைக் பழுதாகி அவள் அங்கே போனாள். மதுரைவீரன் ஏலத்தில் இருந்தார். ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவே கூட்டம் கலையாமல் இருக்க, ம்ம்ம் என்று அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். அந்த இழுப்புக்கு நடுவிலேயே ஒரு சுமைக்காரரிடம், "தள்ளி நில்லுங்கண்ணே, தார் சாயுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஒரு கீறல் இல்லை. ஆனந்தவள்ளி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அடப் பாவி மனுஷா, நீயே பயாஸ் வெச்சுக்கிட்டுதான் இருந்திருக்க! முழுசாக ஓயாத தொண்டையில் மெல்லிய சொல் விழுவதற்குப் பள்ளம் இல்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் முனகச் சொன்னாள். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ம்ம்ம். மூன்றாம் நாள் "உப்பு கம்மி" என்று மெதுவாகச் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். யமுனாவுக்குப் போன் போட்டார். "அப்பாவா பேசறது?" என்று அவள் நாலு தடவை கேட்டாள். ஆனால் சும்மா இருக்கும்போதும் உடம்பு சுட்டது. போட்ட ஈரச் சட்டை வாசல் தாண்டுவதற்குள் காய்ந்தது. மாசிப் பனியில் பூனைகள் அவர்மேல் வந்து படுத்தன. பங்குனியில் பூனைகள் போய்விட்டன. சித்திரை வெயிலில் விபரீதமாயிற்று. சூடு ஏற ஏற முனகல் தானாகக் கூடியது, முனகல் கூடக் கூடச் சூடு ஏறியது. ஒரு மத்தியானம் அவரால் நிறுத்தவே முடியவில்லை. பாய் கருகுகிற வாசனை வந்தது. சட்டைக் காலரிலிருந்து புகை.

ஆனந்தவள்ளி குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள். சுர்ரென்று ஆவியாகப் போயிற்று. அப்போதுதான் உறைத்தது அவளுக்கு. எந்தச் செட்டிலும் செய்யாத தப்பை இவரிடம் செய்திருக்கிறாள். பயாஸ் வைத்தால் கூடவே ஒரு குட்டி டிரான்சிஸ்டரைச் சூடாகிற இடத்தோடு ஒட்டித் திருக வேண்டும். அது சூட்டை உணர்ந்து உணர்ந்து கரண்டைக் குறைக்கும். ஒட்டாமல் விட்டால் செட் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இந்த மனுஷனை முனகச் சொல்லிவிட்டு அவள் மேஜைக்குப் போய்விட்டாள், யாரும் அவரோடு ஒட்டி இருக்கவில்லை.

உள்ளங்கையை அவர் முதுகில் பதித்தாள். தோசைக்கல். எடுக்கவில்லை. கை எரிய எரிய "போதுங்க, குறைங்க, குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அவள் கைக்குத் தக்கபடி முனகல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வெதுவெதுப்பில் நின்றது. புகை அடங்கியது. ரெண்டு பேரும் நனைந்த தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அசதியா இருக்கு, வள்ளி" என்றார் மதுரைவீரன்.

எட்டு வருஷமாக வாசலில் கத்தின அதே சொல். அதில் குற்றம் எதுவும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனந்தவள்ளிக்கு அழுகை வந்தது. "எனக்கும்தாங்க" என்றாள். முனகல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

கொப்புளம் ஆற இருபது நாள் ஆயிற்று. இப்போது அவர் மண்டியிலிருந்து வந்ததும் மேஜைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். அவளுடைய இடது கை அவர் முதுகில், வலது கையில் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பியை நீட்டுவது அவர். வேலை பாதி வேகத்தில்தான் நடக்கிறது, கேட்பவர்களுக்கு இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறாள். பவுனம்மாள் முதலில் கொஞ்ச நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அப்புறம் அவளுக்கும் வேலை இருந்தது. போன வாரம் பரக்கத் அலி ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்று காதைத் தீட்டினான்.

"அக்கா, உள்ள ஏதோ செட்டுல ம்ம்ம்னு ஹம் வருதே, எர்த் கொடுக்கலையா?"

"செட்டு இல்ல தம்பி, அண்ணன்தான்."

"சரிக்கா" என்று செட்டை இறக்கி வைத்துவிட்டு, பழுது என்னவென்று சொல்ல ஆரம்பித்தான்.